கொழுந்து லாரியில் வார்த்தை பொறுக்கியது

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசிக்கொண்டிருக்கிற மனிதன் தூங்கமாட்டான் என்று நான் நம்பினேன். பேச்சைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறவர்களை எத்தனையோ மேடைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். பேசிக்கொண்டே தூங்குகிறவனைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமானால் கண்ணாடி முன்னால் போய் நின்றிருக்க வேண்டும். அதற்கும் அந்த ஆள் விழித்திருக்க வேண்டுமே.

நான் கொழுந்து லாரி ஓட்டுகிறவன். குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு டீ பாக்டரி. அதற்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சின்னச் சின்னத் தோட்டக்காரர்களிடம் பச்சை இலையாக வாங்கி அரைக்கிற இடம். விடிகிற நேரத்தில் காலி லாரியோடு கிளம்பி, ஊட்டி, பைக்காரா, நடுவட்டம் தாண்டிக் கூடலூரில் இறங்கி, ஓவேலிப் பக்கத்து ஷெட்டுகளில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, இறங்கின மலையெல்லாம் திரும்ப ஏறி வர வேண்டும். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற மாதங்களில் செடி பித்துப் பிடித்தது போலத் துளிர்க்கும். ஆள் போதாது, மூட்டை போதாது, லாரி போதாது. அந்த மாதங்களுக்கு எங்களிடம் 'ரஷ்' என்று பெயர். ரஷ்ஷில் ஓவேலி நடை முடிந்ததும் டீ குடித்த வாய் காயும் முன்னே கிளென்மார்கனுக்கு இன்னொரு நடை.

பறித்த கொழுந்து சும்மா கிடக்கிற சாமான் இல்லை. மூட்டைக்குள் அடைத்து வைத்தால் தானாகவே சூடேறும். உள்ளே கையை விட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரப் பிள்ளையின் அக்குளில் கை வைத்த மாதிரி இருக்கும். சூடு ஏறினால் இலை சிவக்கும். சிவந்த இலையைப் பார்த்தால் பாக்டரி மேனேஜர் சிவப்பார். அதனால் ஏற்றின லாரி வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது. யானை ரோட்டில் நின்றால் நிற்கலாம். அது யானையின் உரிமை. டிரைவருக்குத் தூக்கம் வருகிறது என்பதற்காக நிற்கிற வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது.

எனக்கோ தூக்கம் வந்துகொண்டே இருந்தது. இளவயதில் தூக்கம் ராத்திரி விருந்தாளி. ஐம்பது தாண்டிய பிறகு அது வீட்டோடு வந்து தங்கிவிட்ட சொந்தக்காரன். குளித்துக்கொண்டிருக்கும்போது வரும். பல் விளக்கும்போது வரும். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்து ரசத்தைப் பிசைந்த கையை அப்படியே தட்டில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன். கண் விழித்தபோது என் மனைவி எதிரே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாளோ, ரசம் காய்ந்திருந்தது.

"ஏனுங்க, சோத்துல கைய வெச்சுட்டே தூங்கறீங்க. ஸ்டேரிங்குல கைய வெச்சா மட்டும் முழிச்சிருப்பீங்களா?"

"ஸ்டேரிங்குல ரசம் இருக்காதே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கல்யாணமான புதிதில் என் பேச்சுக்கெல்லாம் சிரித்தவள்தான். அந்தச் சிரிப்பு எந்த வருஷத்தில் தீர்ந்துபோனது என்று நான் கவனிக்கவில்லை.

"உங்க உசிரு உங்க இஷ்டமுங்க. பக்கத்துல எந்தம்பி உக்காந்து வர்றான். அவனுக்கு ரெண்டும் சின்னப் புள்ளைங்க."

அவள் தம்பி, என் மாப்ளே, அதே லாரியில்தான் வேலை. ஷெட்டில் மூட்டையை எடை போடுவதும், ஏற்றுவதும், தார்ப்பாய் கட்டுவதும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவதும் அவன். கெட்டிக்காரன், பலசாலி, வண்டி மட்டும் ஓட்டத் தெரியாது. வாயைத் திறப்பதை ஒரு செலவாக நினைக்கிற ஆள். 'சாப்பிட்டியா' என்றால் ஏப்பம் விட்டுக் காட்டுவான். அப்படிப்பட்டவனை அன்றைக்கே கூப்பிட்டு, "மாமனத் தூங்க உடாம கூட்டிட்டு வர்றது இனி உன் பொறுப்பு" என்று அக்கா உத்தரவு போட்டாள். அவன் தலையாட்டினான். ஊமைக்கு மேடை போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

முதலில் தைலத்தில் ஆரம்பித்தான். யூகலிப்டஸ் தைலத்தை விரலில் தொட்டு என் கண்ணுக்குக் கீழே தடவினான். தூக்கம் போனது உண்மை. கூடவே பார்வையும் போனது. தாரை தாரையாகக் கண்ணீர் வடிய பைக்காரா வரைக்கும் ஓட்டினேன். வண்டியை நிறுத்தின போலீஸ்காரர் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஊட்ல ஏதாச்சும் துக்கமாங்க?"

"தூக்கமுங்க" என்றேன்.

அடுத்து பச்சை மிளகாய். கடித்த சுருக்கில் முழிப்பு வரும். ஆனால் பசியும் வரும், பசிக்கு ஏதாவது தின்றால் தூக்கம் வரும். பாட்டுப் போட்டுப் பார்த்தோம். எந்தப் பாட்டும் எனக்குத் தாலாட்டாகவே முடிந்தது. அரசியல் பேசலாம் என்று நான்தான் சொன்னேன். அதற்கு இரண்டு பேர் பேச வேண்டும்.

வார்த்தை பொறுக்குகிற விளையாட்டு நடுவட்டத்தில் தொடங்கியது. சுற்றுலாக் கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு மத்தியானம். ஒரு குடும்பம் நடு ரோட்டில் இறங்கி மூடுபனியோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால் கொழுந்து கொதித்துக்கொண்டிருந்தது. என் தலை ஸ்டேரிங்கை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்தது. அப்போது மாப்ளே ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்தபடி, யாரும் கேட்காமல், தானாக ஒரு வாக்கியம் சொன்னான்.

"நடுவட்டத்துக்குள்ள நட்டம் இருக்குது மாமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அர்த்தத்தினால் அல்ல, அவன் பேசியதனால். பலகையைப் பார்த்தேன். ந, ட், ட, ம். இருக்கத்தான் இருந்தது.

"வட்டம் இருக்குது" என்றேன்.

"அது சும்மா கெடக்குது. எடுத்தா எடுத்த மாதிரியா?"

"அப்ப நட்டு இருக்குது. டிரைவர் கண்ணுக்கு நட்டுதான் தெரியும்."

"வடம்."

"வடு."

"நட."

"எங்கடா நடக்கறது? முன்னால பாரு."

கார்கள் நகர்ந்தபோது நான் முழுசாக விழித்திருந்தேன். மிளகாயும் தைலமும் செய்யாத வேலையை எட்டு எழுத்துகூட இல்லாத ஒரு பலகை செய்திருந்தது. அன்றைக்கு ஊட்டி வந்து சேரும்வரை வழியில் கண்ட பலகையையெல்லாம் உரித்தோம்.

அதன் பிறகு அதுவே எங்கள் தொழில் முறை ஆயிற்று. பலகையில் எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எடுக்க வேண்டும், இல்லாத புள்ளியை வைக்கக் கூடாது, இருக்கிற காலை உடைக்கக் கூடாது என்பது மாப்ளே போட்ட சட்டம். எடை போடுகிறவன் புத்தி. கூடலூருக்குள் ஊர் இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்க அவனோடு வாதாடினேன்.

"ஊரு எங்கீங்க மாமா இருக்குது? லூ தான் இருக்குது."

"லூவுக்குள்ள ஊ இருக்குதுடா."

"மூட்டைக்குள்ள கல்லு இருந்தா எடையில சேப்பீங்களா?"

கூட, கூர். அவ்வளவுதான் கூடலூர் என்று தீர்ப்பானது. பைக்காராவில் பையும் பைக்கும் காராவும். தலைகுந்தாவில் தலை, குலை, அலுத்துப் போனவன் குந்த ஒரு 'குந்த'. அருவங்காட்டில் காடு, வடு, அப்புறம் எங்கள் பாஷையில் ஒரு 'அவரு'. கேத்தியில் மட்டும் ஒன்றும் கிடையாது. கேத்திக்காரர்கள் மன்னிக்க வேண்டும், நாங்கள் நன்றாகத் தேடிவிட்டோம். 'கொண்டை ஊசி வளைவு' என்கிற பலகை வந்தால் எனக்குக் கொண்டாட்டம். ஊளை, கொடை, ஊண் என்று மாப்ளே கண்ணியமாகப் பொறுக்குவான். நான் வடையை எடுத்துக்கொள்வேன். மலைப் பாதையில் வளைவுக்கு ஒரு வடை வைத்திருக்கிற அரசாங்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஓவேலி ஷெட்டில் இலை கொண்டுவருகிற ஓர் அம்மா இருந்தார். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். நாங்கள் மூட்டை ஏற்றிக்கொண்டே 'தேயிலைத் தோட்டம்' என்பதை உரித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கேட்டார். தோட்டத்தைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தேறவில்லை.

"தேட்டம் இருக்குதே தம்பி."

"அப்படின்னா என்னங்கம்மா?"

"பாடுபட்டுச் சேர்த்து வைக்கிறது. அங்க அப்பிடித்தான் சொல்லுவோம்." முதுகிலிருந்து மூட்டையை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுவோம். சேர்த்துத்தான் வைக்கல்ல."

மாப்ளே அந்த வார்த்தையை ஏற்றுக்கொண்டான். அந்த அம்மாவின் மூட்டையை அன்றைக்கு முதலில் எடை போட்டான்.

ஒரு ரஷ் முழுவதும் இப்படி ஓடியது. என் மனைவிகூடக் கொஞ்சம் நிம்மதியானாள். மத்தியானத்தில் போன் அடிப்பாள். நடுவட்டத்துக்கு மேலே டவர் கிடைக்கிற இடத்தில் நாங்கள் இருந்தால் மாப்ளே எடுத்து, "வாய் ஓயல" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவான். என் வாய் ஓடுகிறவரை வண்டி ஒழுங்காக ஓடும் என்று அவளும் நம்பினாள். ஒரு குடும்பமே சேர்ந்து செய்த முட்டாள்தனம் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அதை ஆரம்பித்து வைத்த பெருமையில் பாதியாவது எனக்கு வேண்டும்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், ரோடு ஒன்றே ஒன்று. போகும்போதும் அதே பலகைகள், வரும்போதும் அதே பலகைகள். நெடுஞ்சாலைக்காரர்கள் எங்களுக்காக ஊர்ப் பெயரை மாற்றி வைப்பார்களா? இரண்டாவது ரஷ் வருவதற்குள் எல்லாப் பலகைகளும் எலும்பாகிவிட்டன. நடுவட்டம் என்றால் நட்டம், நட்டு, வடம், வடு. வரிசைகூட மாறாது. யோசிக்க ஒன்றும் இல்லை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி வாய் தன்பாட்டுக்குச் சொல்லும். நாங்கள் அதை விளையாட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த இரண்டாவது ரஷ் என்னை அடித்துப் போட்டுவிட்டது. பாக்டரியின் இன்னொரு லாரி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அதன் நடையும் எங்கள் தலையில். வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றியது நினைவிருக்கும், படுத்தது நினைவிருக்காது. முழங்கால் வலி, தோள் வலி, இதெல்லாம் ஆளுக்கு வருகிற வலி. எனக்குக் கண் இமை வலித்தது. இமையைத் தூக்குவது மூட்டை தூக்குகிற வேலையாக இருந்தது. அதையும் மாப்ளேயே ஏற்றிவிட்டால் தேவலை என்றிருந்தது.

அன்றைக்கு ஓவேலியில் மழைத் தண்ணீரோடு இலை. ஈர மூட்டை, அளவுக்கு மேல் பாரம். லாரி பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏறியது. நடுவட்டம் தாண்டியதும் மூடுபனி. பலகை எதுவும் தெரியவில்லை. வைப்பர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே, ஒரு வார்த்தை குடு."

அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

"உதகமண்டலம்" என்றான்.

எங்களிடம் இருந்ததிலேயே பெரிய சுரங்கம் அதுதான். முதன்முதலில் அதைத் தோண்டிய நாளில் எனக்குப் புல்லரித்தது. ஊட்டி போர்டுக்குள் உலகமே இருக்கிறது. உ, ல, க, ம். பார்த்தீர்களா? ஆனால் அதைக் கண்டுபிடித்து மாதக்கணக்காகி, உலகமும் பழசாகிவிட்டிருந்தது.

"உலகம்" என்று தொடங்கினேன். "மண்டலம். கமலம். கண்டம். தண்டம்…"

தண்டம் என்கிற இடத்தில் 'இது உங்க அக்கா எனக்கு வெச்ச பேரு' என்று வழக்கமாக ஒரு சிரிப்பு வைப்பேன். அன்றைக்குச் சொன்னேனா, தெரியவில்லை. எல்லாம் 'ம்' என்று முடிகிற வார்த்தைகள். கலம், தலம், கடம், மடம். சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் வாய் மூடுகிறது. தொட்டிலை ஆட்டுகிறவள் 'ம்… ம்…' என்று சொல்வது போல.

எனக்கு அடுத்ததாக நினைவிருப்பது, கண்ணாடி முழுக்கச் செம்மண். எதிரே ரோடு இல்லை, மலையை வெட்டிய சுவர் இருந்தது, அதில் புல் இருந்தது, புல்லில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாப்ளே தன் சீட்டிலிருந்து பாதி என் மடிமேல் விழுந்து இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்திருந்தான். லாரி ரோட்டைக் குறுக்கே தாண்டி வலதுபக்கத்து ஓடையில் முன் சக்கரத்தை இறக்கிவிட்டு, சாய்ந்து நின்றிருந்தது. எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. வந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை.

"தடம்" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் காதில் விழுந்தது. கண் திறந்து செம்மண்ணைப் பார்த்த பிறகும் என் வாய் கணக்காக அடுத்த வார்த்தையைச் சொன்னது.

மாப்ளே மெல்ல எழுந்தான். கதவைத் திறந்து இறங்கி ரோட்டைக் கடந்து இடதுபக்கத்து விளிம்புக்குப் போனான். நானும் இறங்கிப் பின்னால் போனேன். தார் ரோட்டைத் தாண்டி, விளிம்புப் புல்லில், எங்கள் டயர் அழுத்திப் போன கோடு ஈரமாக, நீளமாகக் கிடந்தது. அதற்கு அப்பால் தேயிலைச் சரிவு. சரிவின் அடி மூடுபனியில் தெரியவில்லை. தெரியாததே நல்லது.

"நான் பேசிட்டுத்தான மாப்ளே இருந்தேன்?"

"பேசிட்டுத்தான் இருந்தீங்க."

"தப்பாச் சொன்னேனா?"

"எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க."

"பொறவு எப்படிக் கண்டுபுடிச்ச?"

"நானெங்கீங்க கண்டுபுடிச்சேன்? நீங்க சொல்லிட்டு வர்றீங்கன்னு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துட்டிருந்தேன். கண்ணாடில செடி அடிச்சுது. திரும்பிப் பார்த்தா உங்க கண்ணு மூடியிருக்குது. வாய் மூடல."

வழக்கமாக லாரி நின்றால் அவன்தான் பதறுவான், இலை, இலை என்று. அன்றைக்கு விளிம்புக் கல்லில் உட்கார்ந்து தன் கைகளைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டான்.

எனக்குச் சங்கடமாக இருந்தால் வாய் சும்மா இருக்காது. "பாத்தியா மாப்ளே, தூக்கத்துலயும் தமிழ் தப்பா வரல" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்குள் எத்தனை வார்த்தை இருந்ததென்று எண்ண எனக்குத் தைரியம் இல்லை.

கூடலூர்க்காரர் ஒருவர் டிராக்டரோடு வந்தார். ஓடையில் கிடந்த சக்கரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, தூங்கிவிட்டேனா என்று மலையாளத்தில் கேட்டார்.

"எந்தா சேட்டா, ஒறங்கிப் போயோ?"

"இல்லீங்க, ஓடையில ஒரு வார்த்தை விழுந்துருச்சு. எடுக்க எறங்கினோம்."

அவருக்குப் புரியவில்லை. மாப்ளே மட்டும் எழுந்து போய்ச் சங்கிலியை எடுத்துக் கட்டினான்.

பாக்டரி வந்து சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. மேனேஜர் முதல் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார். வெளியே எடுத்தபோது கையிலிருந்து ஆவி வந்தது. "இது என்ன, இட்லிச் சட்டியா?" என்றார். என்னை விட நன்றாக ஜோக் சொல்லக்கூடிய ஆள், ஆனால் கோபத்தில் மட்டும்தான் வரும். நான் பேச வாயெடுத்தேன். மாப்ளே எனக்கு முன்னால் போய் நின்றான்.

"மாமா தூங்கிட்டாருங்க. லாரி ஓடையில எறங்கிருச்சு. மலைப் பக்கமா எறங்கினதால நாங்க வந்து நிக்கறோம். நாளையிலருந்து ஒரு நடைதானுங்க. கிளென்மார்கனுக்கு வேற வண்டி பார்த்துக்குங்க. அதுக்கு ஆகாதுன்னா எங்க ரெண்டு பேருக்கும் பதிலா வேற ஆளு பார்த்துக்குங்க."

அவனுடைய கல்யாணத்தில்கூட அவ்வளவு பேசியவன் இல்லை. மேனேஜர் அவனையும், பம்பரில் ஒட்டியிருந்த செம்மண்ணையும் பார்த்தார். இலையைக் கொட்டி ஆற வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் பாக்டரியில் அதற்குச் 'சரி' என்று அர்த்தம்.

வீட்டில் நான்தான் சொன்னேன். சிரிப்பாகச் சொல்லிவிட்டால் பாதி பாரம் குறையும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை, அதுவும் இத்தனை வருஷமாகப் பலித்ததில்லை. உலகம், கமலம் என்று ஒப்பித்துக்கொண்டே செம்மண்ணில் போய் முட்டினதை நடித்துக் காட்டினேன். என் மனைவி நான் நடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள். அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுக்குப் பிறகு எனக்கும் போட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

மறுநாள் ஒரே நடை. ஒரு நடை என்றதும் உடம்பு துள்ளும் என்று நினைத்தேன். அதுவோ, இத்தனை நாள் பாக்கி வைத்த தூக்கத்தையெல்லாம் இன்றைக்கே வசூலிக்கலாம் என்று வந்து நின்றது. ஓவேலியில் இலை ஏற்றிக் கூடலூர் தாண்டி மேலேறும்வரை தாக்குப் பிடித்தேன். மூடுபனி இல்லாத நாள். நடுவட்டத்தில் பலகை பளிச்சென்று தெரிந்தது. இரண்டு பேரும் பார்த்தோம். அதை உரிக்கவில்லை. முந்தின நாள் இறங்கின ஓடையைக் கடந்தபோது மாப்ளே ஒரு கையை டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டான். பைக்காராவுக்கு முன்னால் மத்தியான வெயில் கண்ணாடி வழியாக வந்து என் மார்பில் உட்கார்ந்தது. என் தலை ஒரே ஒரு முறை, லேசாக, ஆடியது. ஆடவில்லை என்று நான் இன்றைக்கும் சாதிப்பேன்.

"மாப்ளே, புதுசா ஒண்ணு குடு. பழசு எதுவும் வேண்டாம். இங்கிலீஷா இருந்தாலும் பரவால்ல."

அவன் ரோட்டைப் பார்த்தான். பைன் மரங்களுக்குப் பக்கத்தில் அகலமாக இடம் இருந்தது.

"ஓரமா நிறுத்துங்க."

"ஒண்ணுக்கா?"

"நிறுத்துங்க மாமா."

நிறுத்தினேன். அவன் குறுக்கே கையை நீட்டி என்ஜினை அணைத்தான். சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். பின்னால் தார்ப்பாய்க் கயிறு உருவுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மேல் மூட்டைகளின் வாயைப் பிரித்து, காற்றுப் படும்படி ஒவ்வொன்றாக விரித்து வைத்துக்கொண்டிருந்தான். இலை சூடாகிறதே என்று இத்தனை வருஷமாக என்னை நிற்க விடாமல் விரட்டினவன். கையை விட்டுச் சூடு பார்க்கக்கூட இல்லை.

வேலை முடிந்து என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். தன் துண்டை மடித்து உள்ளே நீட்டினான், தலைக்கு வைத்துக்கொள்ள.

"மாப்ளே, இலை செவந்துரும்டா. அந்தாளு நம்மளையும் சேத்து அரைச்சு பாக்கெட் போட்டுருவான். மொகத்துல தண்ணி அடிச்சுட்டுக் கெளம்பிடறேன். நல்லாத்தான் இருக்கேன், வேணும்னா சோதிச்சுப் பாரு. ஒரே ஒரு பெரிய வார்த்தை குடு, பத்து எடுத்துக் காட்டறேன். எடுத்துட்டா கெளம்பலாம், என்ன?"

"தூங்குங்க மாமா."